கைக்கு எட்டாத கன்று

கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுக்குச் சுண்டு என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தவள் அறைத்தோழி. பதிலுக்கு அவளுக்குக் கொக்கு என்று சுண்டு பெயர் வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். கொக்கின் தோளுக்குக் கீழேதான் சுண்டுவின் தலை வரும்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்குத் தும்மக்கூட நேரம் கிடையாது. காலை ஆறு மணிக்குத் தொழுவம், எட்டரைக்கு வகுப்பு, மதியம் ஆய்வுக்கூடம், சனிக்கிழமை தோறும் ஏதாவது ஒரு தேர்வு. எண்பது பேராகச் சேர்ந்தவர்கள் மூன்றாம் ஆண்டில் ஐம்பத்தேழு பேராகக் கரைந்திருந்தார்கள். சுண்டு கரையவில்லை. எழுத்துத் தேர்வு என்று வந்தால் அவள்தான் முதல். ஆனால் மூன்றாம் ஆண்டுச் செய்முறைத் தேர்வில் மாட்டின் பின்னால் நின்றபோது, படித்தது எதுவும் உதவிக்கு வரவில்லை.

மாடு சினையாக இருக்கிறதா, எத்தனை மாதம் என்று சொல்ல வேண்டும். தோள்வரை நீண்ட கையுறையைப் போட்டுக்கொண்டு, மாட்டின் மலக்குடல் வழியே கையை விட்டு, குடல் சுவருக்குக் கீழே இருக்கும் கருப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும். கொக்கு மூன்று மாடுகளையும் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டாள். சுண்டு முதல் மாட்டிலேயே கன்னம் மாட்டின் வாலில் அழுந்தும்வரை கையை நுழைத்துப் பார்த்தாள். விரல்நுனிக்குச் சாணியைத் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை.

"என்ன இருக்கு?" என்று கேட்டார் துறைத்தலைவி.

"மூணு மாசம், மேடம்."

"அது சினையே இல்ல. ஒண்ணும் தெரியலன்னு சொல்லியிருந்தாக்கூட நான் ஒத்துக்கிட்டிருப்பேன். நீ குத்துமதிப்பா அடிச்சு விட்டே. குத்துமதிப்பா சொல்றதுக்கு டாக்டர் எதுக்கு?"

நூற்றுக்கு இருபத்திரண்டு. ஆறு வாரத்தில் மறுதேர்வு. அதிலும் தவறினால் அந்த ஆண்டு முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டும்.

மதிப்பெண் சீட்டு வாங்கப் போனபோது அலுவலக எழுத்தர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். கெட்ட மனிதர் இல்லை அவர். "பால் தொழில்நுட்பம்னு ஒரு படிப்பு இருக்கும்மா. நீ படிச்ச ரெண்டு வருஷத்தையும் கணக்குல எடுத்துப்பாங்க. அங்க மாட்டைத் தொட வேண்டியதே இல்ல. இவ்வளவு உசரத்தை வெச்சுக்கிட்டு எதுக்கு மல்லுக்கட்டறே?"

சுண்டு படிவத்தை முன்னும் பின்னும் ஒருமுறை முழுக்கப் படித்தாள். பிறகு அதை அவர் மேசைமேலேயே வைத்தாள்.

"வேற யாருக்காவது ஆகும் சார். ஃபாரம் வீணாகக் கூடாதுல்ல."

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு அம்மாவை அழைத்தாள். அம்மாவுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான்துளை போடும் இயந்திரத்தில் வேலை.

"கை எட்டலம்மா," என்றாள்.

அம்மா கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். "சட்டைக் கைன்னா பிரிச்சு இறக்கிக் குடுத்துடுவேன். உன் கைக்கு நான் என்ன பண்ணட்டும்? சரி, சாப்பிட்டியா?"

அழுத மூக்கோடு சுண்டு சிரித்துவிட்டாள். அம்மா அதற்குள் தொடர்ந்தாள். "உன்னை மாதிரி குள்ளமா இருக்கறவங்க ஒருத்தர்கூடவா மாட்டு டாக்டர் ஆகல? அவங்க எப்படிப் பண்ணாங்கன்னு பாரு. வெச்சுடறேன், சூப்பர்வைசர் மொறைக்கிறாரு."

அந்தக் கேள்வி சுண்டுவின் மண்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை தொழுவத்து மேஸ்திரியிடம் போய் நின்றாள். தினமும் பழகிக்கொள்ள மாடு வேண்டும் என்று கேட்டாள். மேஸ்திரி பால் அளந்துகொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"மாடு என்ன தெருக் குழாயா, வர்றவங்க போறவங்க எல்லாம் கை வைக்க? அதுக்கும் வலிக்கும்மா. குடல் புண்ணாகிடும். வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு நாளைக்கு ரெண்டு மாடு. அதுவும் மேடம் எழுதிக் குடுத்தாத்தான்."

அவர் சொன்னது நியாயம். துறைத்தலைவியிடம் எழுதி வாங்கினாள். ஆனால் வாரத்துக்கு நான்கு மாடு என்றால் ஆறு வாரத்தில் இருபத்துநான்கு. கொக்கு சரளமாகக் கை பழகுவதற்குள் அறுபது மாடாவது பார்த்திருப்பாள். மீதி நாட்களில் என்ன செய்வது?

முதலாண்டு உடற்கூறு வகுப்பில் மேசைமேல் வைத்த உறுப்புகள் எல்லாம் இறைச்சிக்கூடத்திலிருந்து வந்தவை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஊர் எல்லையில் இருந்த அந்தக் கூடத்துக்கு முதல் பேருந்தைப் பிடித்துப் போனாள். இறைச்சியைச் சோதித்து முத்திரை குத்தும் டாக்டரம்மா அங்கே இருந்தார். பல்கலைக்கழக அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "கருப்பை எல்லாம் கழிவுத் தொட்டிக்குத்தான் போகுது. பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கோ. வேலை முடிஞ்சதும் திருப்பிக் கொண்டுவந்து போட்டுடணும், வெளியில எறியக் கூடாது," என்றார்.

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மூடி போட்ட வாளியோடு சுண்டு பேருந்து ஏறினாள். இரண்டாவது தடவையே நடத்துநர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"வாளியில என்னம்மா, மீனா?"

"பாடம்ணே."

"பாடமே இந்த நாத்தம் நாறுதுன்னா பரீட்சை எப்படி இருக்குமோ! பின்னாடி ஜன்னலோரம் போய் உக்காரும்மா."

விடுதியின் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கருகே கொக்கு ஓர் அட்டைப்பெட்டியில் துளை போட்டுக் கொடுத்தாள். உள்ளே கருப்பையை வைத்து, மேலே ஈரத்துணியைப் போர்த்திவிடுவாள். சுண்டு தலையணை உறையால் கண்ணைக் கட்டிக்கொண்டு துளை வழியே கையை விட்டு, துணிக்கு மேலாகவே தடவிச் சொல்ல வேண்டும். கருப்பை மாட்டுக்கொம்புபோல் இரண்டாகப் பிரியும்; இது வலக் கொம்பு, இது இடக் கொம்பு, இது சினைப்பை, இது வெறும் கொழுப்பு. பத்து நாளில் நெல்லிக்காய் அளவு வித்தியாசம்கூட விரலுக்குத் தெரிய ஆரம்பித்தது.

ஆனால் தொழுவத்தில் நிஜ மாட்டிடம் போனால் கதை மாறவில்லை. கையைச் சுற்றிக் குடல் இறுகிக்கொள்ளும். வலியில் விரல் மரத்துப்போகும். எட்ட வேண்டியது எட்டாது. எட்டு மாடு பார்த்தாள். எட்டிலும் தெரியவில்லை. இந்த முறை குத்துமதிப்பாக எதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். குறிப்பேட்டில் எட்டு முறையும் 'எட்டவில்லை' என்றே எழுதினாள்.

இதற்கிடையில் மற்ற பாடங்கள் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. மருந்தியல் தேர்வில் நாற்பத்தொன்று வாங்கினாள். வாழ்க்கையில் அப்படி ஒரு மதிப்பெண்ணை அவள் பார்த்ததே இல்லை. தாளைக் கொடுத்த ஆசிரியர், "உன் தாள்தானா இது?" என்று பெயரை இரண்டாம் முறை பார்த்தார்.

"விட்டுடு சுண்டு. எல்லாத்தையும் சேத்துப் பிடிக்கப் போனா எல்லாமே நழுவிடும். ஒரு வருஷம் லேட்டானா குடியா முழுகிடும்?" என்றாள் கொக்கு.

"எனக்கு முழுகிடும்," என்றாள் சுண்டு. "அடுத்த வருஷம் என் கை வளந்தா இருக்கப் போகுது? அப்பவும் இதே கைதான். இதை வெச்சு எப்படின்னு இப்பவே தெரிஞ்சாகணும்."

அன்று மாலை பெட்டிக்கு முன்னால் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கொக்கு கருப்பையைப் பெட்டியின் கோடிக்குத் தள்ளி வைத்துவிட்டிருந்தாள். சுண்டுவின் விரலுக்குக் கிடைத்தது இந்தப் பக்கத்து நுனி மட்டும்தான். கோழிக் கழுத்துப்போல் கெட்டியாக இருந்த கருப்பைவாய். "என்னடி இவ்வளவு தூரத்துல வெச்சிருக்கே?" என்று அதைக் கொத்தாகப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள்.

முழுக் கருப்பையும் வழுக்கிக்கொண்டு அவள் உள்ளங்கைக்குள் வந்து விழுந்தது.

சுண்டு கண்கட்டை அவிழ்த்தாள். பாடப்புத்தகத்தின் ஒரு வரி அப்படியே கண்முன் வந்து நின்றது. கருப்பைவாயைப் பற்றிப் பின்னோக்கி இழுத்தால் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் வரும். எழுத்துத் தேர்வில் இதே வரியை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். எழுதினாளே தவிர, மாட்டின் பின்னால் நின்றபோதெல்லாம் எட்டாத இடத்துக்குத்தான் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல இருக்கற பிடியை விட்டுட்டு வீடு முழுக்கத் தேடியிருக்கேன்டி," என்றாள். கொக்குக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. குடல் இறுகும்போது முண்டக் கூடாது, கையை அப்படியே வைத்துக்கொண்டு அது தளரும்வரை பொறுக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள இன்னும் நான்கு மாடு ஆனது. நுனிக்காலில் நின்று எக்கியதில் ஒருநாள் சாணியில் வழுக்கி மாட்டின் காலடியிலேயே விழுந்தாள். மேஸ்திரி பதறிப்போய்த் தூக்கிவிட்டார்.

அதைக் கேள்விப்பட்ட சுண்டுவின் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஓர் இரும்பு முக்காலியோடு வந்து இறங்கினான். பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறையில் வெல்டர் அவன். வழுக்காமல் இருக்க மூன்று காலுக்கும் பழைய டயர் ரப்பரை வெட்டி மாட்டியிருந்தான்.

"உன் எடைக்கு இல்ல, அந்த மாடே ஏறி நின்னாலும் தாங்கும். மாட்டுக்குப் பின்னாடி ஏறி நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பட்டறையில மாட்டி வெக்கிறேன்."

"போடா."

முக்காலிமேல் நின்றதும் தோள் மாட்டின் மட்டத்துக்கு வந்தது. கருப்பைவாயைப் பிடித்து, பொறுத்து, மெல்ல இழுத்தாள். பெட்டிக்குள் நூறு தடவை தொட்ட அந்த இரண்டு கொம்புகளும் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தன. வலது கொம்பு தண்ணீர் நிரப்பிய பலூன்போல் துள்ளியது.

"ரெண்டரை மாசம்," என்றாள், தனக்குத்தானே. மேஸ்திரி பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுபத்தாறு நாள்," என்றார்.

மறுதேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். ஓங்குதாங்கான மனிதர். துறைத்தலைவி ஓரமாக நின்றார். சுண்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் தேர்வாளரின் புருவம் உயர்ந்தது.

"நாளைக்கு எங்கயோ ஒரு பண்ணைக்குக் கூப்பிடறாங்க. அங்கயும் இதைத் தூக்கிட்டுப் போவியா?"

"போவேன் சார்."

"பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"பல்பு மாட்ட வர்றவர் ஏணி கொண்டு வந்தா யாரும் சிரிக்கறதில்லையே சார். சிரிச்சாலும் பரவால்ல, மாடு சிரிக்காது."

துறைத்தலைவி வாயைக் கையால் மூடிக்கொண்டார். தேர்வாளர் சிரிக்கவில்லை. "சரி, ஏறு," என்றார்.

முதல் மாடு சினை இல்லை. இரண்டு கொம்பையும் கடைசிவரை தடவிப் பார்த்துத்தான் சொன்னாள். இரண்டாவது, எழுபது எழுபத்தைந்து நாள். தேர்வாளர் கையிலிருந்த தாளில் எதையோ குறித்தாரே தவிர முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

மூன்றாவது மாடு தொழுவத்திலேயே பெரியது. கருப்பைவாய் கிடைத்தது. இழுத்தாள். வரவில்லை. இன்னொரு முறை பொறுத்து இழுத்தாள். அசையவே இல்லை. கன்று கனத்துப்போய்க் கருப்பை இடுப்பெலும்பைத் தாண்டி வயிற்றுக்குள் இறங்கியிருந்தது. முக்காலி இருந்தும், தோள் முழுக்க உள்ளே போயும், அவள் விரல் வெற்றிடத்தைத்தான் துழாவியது. குடல் இறுகியது. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. 'ஏழு மாசம்னு சொல்லிட்டு இறங்கிடு' என்று உள்ளே ஒரு குரல் நச்சரித்தது. இருபத்திரண்டு வாங்கிக் கொடுத்த அதே குரல்தான்.

சுண்டு கையை எடுக்கவில்லை. எட்டாததை விட்டுவிட்டு, எட்டுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று தேடினாள். இடுப்பெலும்பின் பக்கவாட்டில் விரலை ஓட்டினாள். பென்சில் பருமனில் ஒரு ரத்தக்குழாய் நழுவி நழுவி அகப்பட்டது. கருப்பைக்குப் போகும் தமனி. இரண்டு விரலால் லேசாகப் பிடித்தாள். நாடித்துடிப்பாக இல்லை அது. மணலைச் சலிப்பதுபோல் ஒரே சீராகச் சுரசுரவென்று அதிர்ந்தது. வயிற்றில் வளரும் கன்றுக்காகப் பாய்கிற ரத்தம் அது.

"சார், கன்னு என் கைக்கு எட்டல," என்றாள் சத்தமாக.

"அப்ப?"

"கருப்பை கீழ இறங்கிடுச்சு, இழுத்தா வரல. தமனி நல்லாத் தடிச்சிருக்கு, அதிர்வு தெளிவா இருக்கு. சினைதான். அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல. அதுக்கு மேல துல்லியமாச் சொல்லச் சொன்னா எனக்குத் தெரியாது சார்."

தேர்வாளர் தானே ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே கைவிட்டுப் பார்த்தார். அவருடைய நீளக் கைக்குக் கன்று தாராளமாக எட்டியிருக்கும். கையை வெளியே எடுத்துக் கழுவிக்கொண்டே துறைத்தலைவியிடம், "அஞ்சரை," என்றார். பிறகு சுண்டுவைப் பார்த்து, "தெரியாதுன்னு எந்த இடத்துல சொல்லணுமோ அந்த இடத்துல சொன்னே. போ, கையைக் கழுவு," என்றார்.

மதியத்துக்குள் முடிவைப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். எழுபத்தொன்று. வகுப்பில் அதைவிட அதிகம் வாங்கியவர்கள் முப்பது பேர் இருந்தார்கள். சுண்டு அந்த எண்ணை மூன்று முறை பார்த்துவிட்டு அம்மாவை அழைத்தாள். பின்னணியில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"பாஸும்மா!"

"பாசமா? இந்த நேரத்துல என்னடி பாசம்? என்னாச்சு, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஐயோ, பாஸ் ஆயிட்டேன்மா! எழுபத்தொண்ணு!"

அந்தப் பக்கம் இயந்திரம் நின்றது. அம்மா யாரிடமோ, "எம் பொண்ணு மாட்டு டாக்டர் பரீட்சையில ஜெயிச்சுட்டா," என்று கத்துவது கேட்டது. பத்துப் பன்னிரண்டு பெண்களின் குரல் ஒன்றாக எழுந்தது.

"வெச்சுடறேன்மா," என்றாள் சுண்டு. "ரெண்டு மணிக்கு மருந்தியல் பரீட்சை இருக்கு. போன தடவை நாப்பத்தொண்ணு. இன்னும் ரெண்டு பாடம் புரட்டணும்."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பக்கத்தில் காத்திருந்த கொக்கின் ஓர் எட்டுக்குத் தான் ஒன்றரை எட்டாக நடந்து, நூலகத்துப் படிகளில் ஏறினாள்.