பிரதரைக் கேட்காமல்

கதவைத் திறந்ததுமே எனக்குப் பகீரென்றது. மனைவியைப் பிரசவத்துக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த கண்ணாயிரம், கல்பாக்கத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வேர்த்து வழிய நின்றிருந்தார்.

"பிரதர் கீறாரா, சிஸ்டர்? செங்கம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணணும்ன்றாங்கோ. கையெய்த்து போடலாமான்னு கேக்க வந்தேன்."

"அதைக் கேக்கவா அவளைப் போட்டுட்டு பஸ் ஏறி வந்தீங்க?"

என் கோபம் அவர் மீதல்ல, என் கணவர் மீது. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு இவர் செவ்வாய்தோறும், சீடராக வாழப் பழக்கும் சீஷத்துவ வகுப்பு நடத்துகிறார். கோவளத்தில் மீன் பிடிக்கும் கண்ணாயிரம்தான் அதில் முதல் ஆள். இருவருக்கும் ஒரே வயது. ஆனாலும் வலை வாங்க, வீடு மாற்ற, எல்லாவற்றுக்கும் பிரதரைக் கேட்க வேண்டும். இவரும் உச்சி குளிர்ந்துபோய், "என்னா கீழ்ப்படிதல், பாத்தியா மேரி!" என்பார்.

உள்ளிருந்து வந்த என் கணவர் ஜெபகுமார் விஷயத்தைக் கேட்டதும் கண்ணை மூடிக் கைகளை உயர்த்தினார்.

"ஜெபத்தை வண்டியில பண்ணுங்க!" என்று கத்தினேன்.

மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் போனோம்.  திருக்கழுக்குன்றத்தில் ஒரு லாரி வழி விடவில்லை. இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடியே போய்விடலாமா என்றிருந்தது.

செங்கம்மாள் காத்திருக்கவில்லை. தானே கையெழுத்துப் போட்டாள், உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்றார் நர்ஸ். "உங்களைத்தான் தேடிக்கினு இருந்துச்சு."

கண்ணாயிரம் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "ஜெபம் பண்ணுங்க பிரதர்."

இவர் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்த முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

"உங்களை ஆண்டவர்கிட்ட கொண்டுபோய் விடுறதுதான் என் வேலை, கண்ணாயிரம். நான் என்கிட்டயே நிறுத்தி வச்சுக்கிட்டேன். நீங்களே கேளுங்க."

"உங்கள மாதிரி எனுக்கு வராது."

"வர வேணாம்."

 கண்ணாயிரம் கண்ணை மூடி, பெற்ற அப்பாவிடம் பேசுவதுபோல், "நைனா, அது தனியா கீது. நான் வுட்டுட்டு ஓடிட்டேன். நீ கூட இரு நைனா," என்றார். அவ்வளவுதான்.  என் கணவர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

ஒருவழியாகக் கதவு திறந்தது. பெண் குழந்தை, இருவரும் சுகம். கண்ணாயிரம் அழுதுகொண்டே எங்கள் பக்கம் திரும்பினார்.

"பிரதர், இன்னா பேரு வெக்கலாம்?"

"என்னைக் கேக்காதீங்க!" இவர் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி உள்ளே தள்ளினார். "போய் செங்கம்மாவைக் கேளுங்க."