தவளை அக்காவின் கடல்

பாடநூல் அச்சிடும் அலுவலகத்தில் அவளை எல்லாரும் தவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடங்களுக்கு முன் அவள் வரைந்த தவளையின் உள்ளுறுப்புப் படம், எத்தனையோ பாடத்திட்டங்கள் மாறியும் விலங்கியல் புத்தகத்தில் அப்படியே இருந்தது. ஒருமுறை காய்ச்சல் என்று போன இடத்தில், அவள் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மருத்துவர், "உங்க தவளையைப் பார்த்து வரைஞ்சுதாம்மா நான் பாஸே ஆனேன்" என்று எழுந்து நின்றுவிட்டார். புத்தகத்தில் எங்கேயும் அவள் பெயர் கிடையாது. அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறு. இத்தனை வருடத்தில், யாரும் கேட்காத ஒரு படத்தை அவள் வரைந்ததே இல்லை.

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அந்த ஏக்கம் அவளை விடாமல் அரிக்க ஆரம்பித்தது. ஓர் அறை வேண்டும். ஜன்னலைத் திறந்தால் கடல் இருக்க வேண்டும். கூப்பிடுகிற தூரத்தில் யாரும் இருக்கக் கூடாது. பாத்திரம் துலக்கும்போது அந்த அறைக்குள் நடமாடுவாள். குழாயை மூட மறந்துவிடுவாள்.

கணவர் மின்சார அலுவலகத்தில் லைன்மேன். நல்ல மனிதர்தான். ஆனால் தன் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாமலே முப்பது வருடக் குடித்தனத்தை ஓட்டிவிட்டவர்.

"ஒரு மாசம் தனியா போய் என்ன பண்ணப் போறே?"

"வரையப் போறேங்க."

"அதைத்தானே இங்கேயும் பண்றே?"

அவள் பெட்டியைக் கட்டினாள்.

கடற்கரைச் சிற்றூரில் ஒரு தையல் கடைக்கு மேலே மாடி அறை கிடைத்தது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, உப்புக்காற்றில் துருவேறிய ஜன்னல். கீழே தையல்காரி பள்ளிச் சீருடைகளாகத் தைத்துத் தள்ளுவாள். மிஷின் ஓடினால் தரை லேசாக அதிரும்.

முதல் பத்து நாள் ஒன்றும் வரவில்லை. கடலும் வானமும் சேரும் இடத்தில் கை தானாக ஸ்கேலை வைத்துக் கோடு போட்டது. நண்டு வரைந்தாள், பத்துக் கால்களும் கணக்காக வந்தன. கூடவே, பாகங்களின் பெயர் எழுத அம்புக்குறிகளும் வந்தன. அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

தையல்காரி தினமும் மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். "என்னக்கா, இன்னைக்காவது வந்துச்சா?"

"நீ கேக்கறதைப் பார்த்தா வயித்துக் கோளாறுக்கு விசாரிக்கிற மாதிரி இருக்குடி."

தையல்காரி மிஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "எனக்கும் அளவுச் சட்டை இல்லைன்னா கத்திரி ஓடாதுக்கா. யார் உடம்புக்குன்னு வெட்டறது?"

அந்தப் பேச்சு அவளைச் சுருக்கென்று தைத்தது. தவளைக்கு அளவு இருந்தது. இலைக்கும் இதயத்துக்கும் இருந்தது. இதற்கு யார் அளவு கொடுப்பார்கள்?

மறுநாள் மத்தியானம் வெயிலும் மழையும் சேர்ந்து வந்தன. கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் இருந்த கோடு காணாமல் போயிற்று. அவள் பென்சிலைத் தேடவில்லை. தையல்காரியிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த முரட்டுத் துணியை நனைத்துத் தரையில் விரித்தாள். அகலத் தூரிகையால் நீலத்தை வைத்தாள். நீலம் தன் இஷ்டத்துக்கு ஓடியது. ஓடட்டும் என்று விட்டாள். முழங்கால் மரத்துப்போன பிறகுதான் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அதன்பின் கை நிற்கவில்லை. ஜன்னலுக்குக் குறுக்கே கட்டிய கயிற்றில் ஒவ்வொன்றாகத் துணிகள் காய்ந்தன. ராகம் தப்பிப் பாடினாள். தலை வாராமல் இருந்தாள். கேட்க ஆளில்லை என்பது எவ்வளவு பெரிய சுகம்! ஆனால் நாலு மணிக்கு டீ போட்டால் கை தவறாமல் இரண்டு டம்ளர் எடுத்து வைத்தது. இரண்டாவது டம்ளரைத் திரும்பக் கவிழ்த்து வைப்பாள்.

இருபத்துநாலாம் நாள் கணவர் சொல்லாமல் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. சட்டையில் ஒரு பட்டன் வேறு நிறத்தில் இருந்தது. அவரே தைத்திருக்க வேண்டும்.

"உங்க ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்க. புதுப் பாடத்திட்டமாம், முந்நூறு படம் வேணுமாம். திங்கட்கிழமை வந்துடுவாள்னு சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

"எப்பவும் அப்படித்தானே சொல்லுவேன்?" அவர் குரலில் குற்ற உணர்வு ஏதும் இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"நான் வரலைங்க" என்றாள். சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் கயிற்றில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"இதெல்லாம் கடலா?"

"கடல்தான்."

"தண்ணி எங்கே முடியுதுன்னே தெரியலையே."

"எனக்கும் தெரியலை. அதான் வரைஞ்சுகிட்டே இருக்கேன்."

ஒரு துணியின் முன்னால் நின்றுவிட்டார். நீலத்தின் ஓரத்தில் ஒரு காக்கித் திட்டு. அடுத்த துணியிலும், அதற்கடுத்ததிலும் அதே திட்டு.

"இது என் யூனிஃபார்ம் கலர் இல்லே?"

அவள் கிட்டே வந்து பார்த்தாள். தெரிந்தே வைத்த நிறம் அல்ல அது. முகம் சூடேறியது. "ஆமாங்க" என்றாள்.

அவர் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். இருவரும் கடலைப் பார்த்தபடி குடித்தார்கள்.

"சரி, அவங்ககிட்ட என்ன சொல்ல?"

"தவளை இன்னும் நல்லாத்தான் இருக்கு, மிச்சத்துக்கு வேற ஆளைப் பாருங்கன்னு சொல்லுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாலை பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவர் தெருவில் இறங்கி நடந்தபோது ஓடிப்போய்க் கூடவே ஏறிவிட வேண்டும் போலிருந்தது. இரண்டு படி இறங்கினாள். மேலே துணி ஈரமாக இருந்தது. விட்டால் நிறம் இறுகிவிடும். திரும்ப ஏறினாள்.

ஒரு மாதம் என்று போனவள் மூன்று மாதம் இருந்தாள். அலுவலகம் வேறு ஓவியரை வைத்துக்கொண்டது. இப்போதெல்லாம் வருடத்தில் பாதி நாள் கடலோரம், பாதி நாள் வீடு. வீட்டில் இருந்தால் ஜன்னலில் நீலம் இல்லையே என்று மனம் அடித்துக்கொள்கிறது. அங்கே போனால் இந்த மனிதர் என்ன சாப்பிட்டாரோ என்று அடித்துக்கொள்கிறது. இது தீராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இந்த வருடம் மழை விட்டதும் நாள் பார்த்துக் கிளம்பினாள். அவர் வாசல்வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

"போனதும் போன் பண்ணு."

தெருமுனைக்குப் போவதற்குள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். நிற்கவில்லை.