வசிக்கத் தகுந்த வீடு

மாடியில் யாராவது குளிக்கத் தொடங்கினால் கீழே இவள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் வரும். குழாயில் வந்தால் சந்தோஷப்படலாம். வருவது தரையில் இருக்கும் ஓட்டை வழியாக. முதலில் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம். பிறகு சாம்பல் நிற நுரை, அதில் சுருண்ட முடி, கரைந்த சோப்புத் துண்டு, என்னவென்று பார்க்கவே கூடாத சில வஸ்துகள். அன்று காலை அது சமையலறை வாசல்வரை வந்துவிட்டது. இவள் அடுப்பிலிருந்து பாலை இறக்கி வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துடைப்பத்தால் அதை வந்த வழியே தள்ளினாள். போகப் போகப் பழகிவிடும் என்று குடிவந்த புதிதில் எல்லோரும் சொன்னார்கள். மூன்று வருடமாகப் பழகவில்லை. பழகிவிட்டால் தன்னிடம் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றுதான் அர்த்தம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு பெரிய ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. யாராவது குடித்துவிட்டு வாந்தியெடுத்துப் போன அறை என்றால் மேற்பார்வையாளர் இவளைத்தான் தேடுவார். அவள் கை பட்ட அறையில் கண்ணாடியில் விரல் தடம் இருக்காது, விரிப்பில் சுருக்கம் இருக்காது. அப்படிப்பட்டவள் வீட்டுப் படுக்கையறையில், பீரோவுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சை. தேய்த்துக் கழுவினால் இரண்டே மாதத்தில் திரும்பி வந்து நிற்கும், கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை மாதிரி. ஜன்னலைத் திறந்து வைப்பதில்லை, அதுதான் காரணம் என்பார் வீட்டுக்காரர். ஜன்னலுக்கு வெளியே சாக்கடை. அந்த அறையில் படுத்து எழுந்து ஏழு வயது மகளுக்கு இளைப்பு வந்துவிட்டது. விசில் ஊதுவதுபோல மூச்சு விடும். வீட்டை மாற்றுங்கள் என்று டாக்டர் சொன்னார், சட்டையை மாற்றச் சொல்வதுபோல.

மாற்றலாம்தான். கணவனுக்குத் தரையில் டைல்ஸ் ஒட்டும் வேலை. வருடக்கணக்காக முட்டிபோட்டு முட்டிபோட்டு இரண்டு முட்டியும் போய்விட்டன. இப்போது ஒருவர் சம்பளம்தான். வாடகைக்கு அரசாங்கத்திடம் உதவி கேட்கலாம் என்று முன்பே இவள் சொன்னபோது, "நான் உயிரோட இருக்கேன்ல?" என்று கத்தியவன், போன மாதம் தானாகவே அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தான். அக்கா அந்த உதவியை வாங்கி நல்ல வீட்டுக்குப் போனவள். அந்த ஒரு விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"எப்பக் கேக்கணும்னு தெரியணும்" என்றாள் நாத்தனார், காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு. "மொதல்ல வீட்ட மாத்திட்டு அப்புறம் போய் நின்னா, அதான் மாறிட்டீங்களேன்னுடுவான். இதுக்குள்ள இருக்கும்போதே கேக்கணும். ஆள் வந்து பாத்து, மனுஷன் இருக்க லாயக்கில்லன்னு எழுதணும். எழுதினா பாதி வாடகை அவங்க பொறுப்பு."

"எப்படிக் கேக்கறது அக்கா?"

"கேக்கறதுல என்ன இருக்கு, காட்டறதுலதான் எல்லாம். அவன் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடணும். எங்க வீட்டுக்கு வந்தப்ப நான் நாலு நாள் பாத்திரம் தேய்க்கல. மெத்தைல ஒரு வாளித் தண்ணிய ஊத்தி வச்சேன்." சொல்லிவிட்டு அவள் குலுங்கிச் சிரித்தாள். இவளுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த மெத்தையைவிட அந்தச் சிரிப்பு.

"அதுவரைக்கும் பாப்பாவ உங்ககூட வச்சுக்கறீங்களா? மூச்சு முட்டுது அவளுக்கு."

"நல்லாக் கேட்டே போ! கொழந்த இருக்கறதாலதான் உனக்கு முன்வரிசை. கொழந்த அங்கதான் இருக்கணும். இருமினா இன்னும் நல்லது."

விண்ணப்பம் எழுதிப் போட்டார்கள். ஆள் வரும் தேதி தெரிந்தது. முந்தின நாள் வேலை முடிந்து வந்தவள் வீட்டைச் சும்மா கூட்டி மட்டும் வைக்கலாம் என்றுதான் துடைப்பத்தை எடுத்தாள். கூட்டியதும் அடுப்புமேடை கண்ணை உறுத்தியது. அதைத் துடைத்ததும் குளியலறை. நம் வீட்டுக்கு ஒருவர் வருகிறார். வந்து பார்த்துவிட்டு அலுவலகத்தில் போய், 'அங்க ஒரு பொம்பள இருக்கா, என்ன பொழப்போ' என்று சொல்வார். பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைச் சுளிப்பார். அதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது. ஓட்டலிலிருந்து கொண்டுவந்திருந்த காட்டமான திரவத்தைத் துணியில் ஊற்றினாள். பீரோவை நகர்த்தினாள்.

கணவன் காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். "அத ஏன் தேய்க்கிறே?"

"வர்றவர் மூஞ்சில முழிக்க வேண்டாமா? நம்ம வீடு நாறக்கூடாது."

"நாறுதுன்னு சொல்லித்தானே வரச்சொல்லியிருக்கோம்?"

அவளுக்குக் காதில் விழாமல் இல்லை. கைதான் கேட்கவில்லை. கடைசியில் சுவர் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக நின்றது.

மறுநாள் வந்தவர் நல்ல மனிதர். அதுதான் வினை. ஷூவை வெளியே கழற்றி வைத்துவிட்டு வெள்ளைச் சாக்ஸோடு வீடு முழுக்க நடந்தார். திரும்பி வந்தபோதும் அது வெள்ளையாகவே இருந்தது. மாடியில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள், குளியலறை ஓட்டை நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டிருந்தது.

"இப்படி ஒரு வீட்டப் பாத்து ரொம்ப நாளாச்சும்மா" என்றார். "நான் போற எடமெல்லாம் பாத்தா ராத்திரி சோறு எறங்காது. எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க!"

அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், இதற்குத்தான் இவர் வந்தார் என்பதுபோல நின்றாள். கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பூஞ்சைன்னு எழுதியிருந்தீங்களே, எங்க?"

"இங்கதான் சார் இருந்துச்சு."

"இருந்துச்சு." அவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார். "இருக்கறதத்தாம்மா நான் எழுத முடியும்." மகளின் மருந்துச் சீட்டைக் காட்டினாள். இளைப்பு எத்தனையோ பேருக்கு இருக்கிறது என்றார். போகும்போது, "ஒரு மாசத்துக்குள்ள மறுபடி வந்து பாக்கச் சொல்லிக் கேளுங்க. விட்டுட்டீங்கன்னா அடுத்த வருஷம்தான்" என்று வழியும் சொல்லிவிட்டுப் போனார். வீடு வசிக்கத் தகுந்தது என்று எழுதி வந்தது.

"உன் கைய ஒடச்சு அடுப்புல வைக்கணும்" என்றாள் நாத்தனார். பிறகு, செய்ய வேண்டியதைச் சொன்னாள். பீரோவைச் சுவரோடு ஒட்டி வை. ஜன்னலைத் திறக்காதே. துவைத்த துணியை உள்ளேயே காயப்போடு.

மறுபடி கேட்டார்கள். தேதியும் கிடைத்தது. ஆனால் அந்த நாட்களில் மகள் நன்றாகத் தூங்கினாள். விசில் சத்தம் இல்லை. காலையில் எழுந்து, கட்டிலில் நின்று குதித்து, அப்பா தோளில் ஏறினாள். இவள் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, பிழிந்தும் பிழியாத துணிகளைக் கொண்டுவந்து அந்த அறையில் கட்டிய கயிற்றில் போட்டாள். கணவன் பார்த்தும் பார்க்காதவனாக இருந்தான். பகலெல்லாம் ஓட்டலில் மற்றவர்களின் ஈரத்தைத் துடைத்துவிட்டு வந்து, சாயங்காலம் தன் வீட்டுச் சுவரில் குவளையால் தண்ணீர் தெளித்தாள். செடிக்கு ஊற்றுவதுபோலப் பொறுமையாகத்தான் ஊற்றினாள். தன்மேலேயே காறித் துப்பவேண்டும்போல இருந்தது. வீட்டுக்காரர்மேல், சாக்ஸ்காரர்மேல், இப்படித்தான் கேட்கவேண்டும் என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கும் முகம் தெரியாத பெரிய மனிதர்கள்மேல், எல்லோர்மேலும். சுவரோ அசையவில்லை. அவள் செய்த வேலை அவ்வளவு சுத்தம்.

இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பையைக்கூட வைக்காமல் உள்ளே போய், பீரோவை ஒரு சாண் இழுத்து, மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். கீழே, தரையை ஒட்டி, கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. அதன் பக்கத்தில் இன்னொன்று. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். கொத்தாக ஏழெட்டு இருந்தன.

"வந்துடுச்சுங்க!" என்று கூவினாள். யார் குரல் அது என்று அவளுக்கே ஒரு கணம் புரியவில்லை. முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள், நாத்தனார் சிரித்தாளே, அதே சிரிப்பு.

வெளி அறையில் மகள் இருமினாள். ஒரு தடவை, பிறகு விடாமல், கடைசியில் அந்த மெல்லிய விசில். தூக்கிக்கொள் என்று உடம்பு சொன்னது. கை தன்பாட்டுக்குத் தோளில் கிடந்த, ஓட்டலில் துடைக்கும் துணியை எடுத்து, அந்தப் புள்ளிகளுக்கு நேராகப் போய், ஒரு விரல் தூரத்தில் நின்றது.

துணியைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டாள். பீரோவை முதுகு கொடுத்துச் சுவரோடு தள்ளினாள். பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறதே என்று கணவன் ஜன்னலைப் பாதி திறந்து வைத்திருந்தான். அவள் போய் அதைச் சாத்தி, கொக்கியையும் போட்டாள்.