மணலுக்கு அந்த வீட்டில் வேறு பேர்

கும்பெக்கின் வீட்டில் மணலை மணல் என்று சொல்ல அவர் ஒருத்தருக்குத்தான் உரிமை இருந்தது. கிர்கிஸ் மொழியில் மணலுக்குக் 'கும்' என்று பேர். அவருடைய அம்மா நிறைமாதத்தில் ஆற்றைக் கடக்கும்போது வலி கண்டு, கரை மணலிலேயே பெற்றதால் பிள்ளைக்குக் கும்பெக் என்று வைத்துவிட்டார்கள். வைத்தவர்கள் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்கள். பாடு வந்தது வீட்டுப் பெண்களுக்கு. அங்கே மனைவி புருஷன் பேரைச் சொல்லக் கூடாது, மருமகள் மாமனார் பேரைச் சொல்லக் கூடாது. பேர் மட்டுமில்லை, பேருக்குள் இருக்கும் சொல்லும் வாயில் வரக் கூடாது.

அதனால் அவர் மனைவி ஜூராகான் கல்யாணமான புதிதில் மணலுக்கு 'உதிரி' என்று ஒரு பேர் கண்டுபிடித்தாள். மருமகள் பெர்மெத் வந்ததும் அவளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தாள். பெர்மெத் ஏரிக்கரைப் பெண், மணலில் விழுந்து புரண்டு வளர்ந்தவள். வந்த வாரமே குறுக்கு வழி பார்த்தாள். ருஷ்ய மொழியில் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள் என்று 'பெசோக்' என்றாள். மாமியார் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"ருஷ்யாக்காரன் பாஷையில சொன்னா அது அவரு பேரு இல்லாம போயிடுமா? எந்தப் பாஷையில கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கறது இந்தக் கிழவன்தானே!"

அடுத்த அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த கிழவன் புரையேறச் சிரித்தார். மகன் குபாத் அதைவிடச் சத்தமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பெல்லாம் போன இலையுதிர் காலத்தோடு சரி. ருஷ்யாவுக்குக் கட்டிட வேலைக்குப் போன குபாத் சாரத்திலிருந்து விழுந்தான். பெட்டியில் வைத்து அனுப்பினார்கள்.

துக்கத்துக்கு வந்த கூட்டம் கலைந்த அன்று பெர்மெத்தின் அண்ணன் எர்மெக், கும்பெக்கைக் கொட்டகைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அவனுக்கு வருஷ விருந்து வைக்கற வரைக்கும் அவ இங்க இருக்கணும், அது முறை. விருந்து முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போயிடறேன். புள்ள குட்டின்னும் எதுவும் இல்ல. சின்ன வயசு."

"போறேன்னு அவ சொன்னாளா?"

"அவ வாயத் தொறந்து எதைத்தான் சொல்றா?"

அதென்னவோ உண்மைதான். பெர்மெத் டீ ஊற்றுவாள், மாடு கறப்பாள், ரொட்டி சுடுவாள். போகிறேன் என்றும் சொல்ல மாட்டாள், இருக்கிறேன் என்றும் சொல்ல மாட்டாள். கும்பெக்குக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் மிச்சம் இரண்டு கிழங்கள். ஒன்று இருமும், மற்றது முணுமுணுக்கும். குபாத் தொட்ட பொருள்களை அவள்தான் துடைத்து வைக்கிறாள். அவளும் இல்லையென்றால் குபாத் என்று ஒருவன் இருந்ததற்கே சாட்சி இல்லாமல் போய்விடும் என்று அவருக்குத் தோன்றியது. எப்படியாவது அவளை நிறுத்தி வைக்க வேண்டும். கிழவரின் சுயநலம்தான், வேறென்ன சொல்வது?

பனி உருகத் தொடங்கியபோது அவருக்கு வழி கிடைத்தது. கடைசியாகப் போனில் பேசியபோது குபாத் சொல்லியிருந்தான்: "அப்பா, வந்ததும் ஆப்பிள் மரத்துக்குப் பின்னால கோழிக்கு ஒரு அடைப்பு போடணும். பெர்மெத் ரொம்ப நாளா கேக்கறா." கோழி வந்துவிட்டால் தீனி, தண்ணீர், முட்டை, அடைகாப்பு என்று தினமும் வேலை இருக்கும். தன் கையால் வளர்த்ததை விட்டுவிட்டு எந்தப் பெண் போவாள்? கும்பெக் கடப்பாரையை எடுத்தார்.

பாப்ளார் மரக் கம்பு நட்டார். நரி தோண்டி வராதபடி கம்பி வலையை முழங்கை ஆழத்துக்குப் புதைத்தார். பருந்துக்காக மேலேயும் வலை கட்டினார். கூரைக்குப் பழைய தகடு இருந்தது. மாட்டுக் கொட்டகைக்குப் போட்டது போக மிஞ்சியது என்பதால் அடைப்பில் பாதிக்குத்தான் எட்டியது. எல்லாம் ஆன பிறகு கீழே என்ன போடுவது என்று பேச்சு வந்தது. அந்த ஊர் மண் களிமண். ஒரு மழை பெய்தால் மிதித்த கால் செருப்பைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வரும்.

பக்கத்து வீட்டு இசாக் வேலிமேல் சாய்ந்துகொண்டு யோசனை சொன்னார். கேட்காவிட்டாலும் சொல்கிறவர் அவர். "சிமெண்ட் பூசு. கழுவி விட்டா பளிச்சுனு ஆயிடும்."

"கோழிக்கு என்ன, கல்யாண மண்டபமா கட்றேன்? குளிர்ல காலு வெறச்சுப் போகும்."

"வைக்கோல் போடுங்க," என்றாள் ஜூராகான். "இல்லாத பண்டமா?"

"மழையில நனைஞ்சா அழுகும், கிழவி."

பெர்மெத் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெகுநாளைக்குப் பிறகு தானாக வாய் திறந்தாள். "அப்பா, உதிரி போடலாம். எங்க ஊர்ல அதுதான். தண்ணி நிக்காம இறங்கிடும். எச்சம் விழுந்தா வாரியால இழுத்து எடுத்துடலாம். கோழி அதுல புரண்டு குளிக்கும். ரெண்டு பருக்கை முழுங்குனா தீனியும் செரிக்கும்."

இசாக் முழித்தார். "உதிரியா? அது என்ன சமாச்சாரம்?"

"எங்க வீட்டு விஷயம், உனக்கெதுக்கு?" என்றார் கும்பெக். அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. அவள் 'போடலாம்' என்று சொன்னாள். போகப்போகிறவள் அப்படிச் சொல்வாளா?

லாரிக்காரனுக்குச் சொல்லியனுப்பினார். புது ஆள், மலைக்கு அந்தப் பக்கத்துப் பையன். என்ன சரக்கு, எங்கே கொட்டுவது என்று அவன் போன் பண்ணியபோது கும்பெக் வீட்டில் இல்லை. வாய்க்காலில் அவர் முறை, தண்ணீர் திருப்பப் போயிருந்தார். பெர்மெத்தான் போனை எடுத்தாள். எதிரில் ஜூராகானும் துக்கம் கேட்க வந்த சொந்தக்காரப் பெண்களும் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கும்பெக் மாலையில் வந்தபோது ஆப்பிள் மரத்தடியில் மஞ்சளாக ஒரு குன்று நின்றது. கை விட்டுப் பார்த்தார். மரத்தூள். அறுவை ஆலையிலிருந்து வந்த பச்சை மரத்தூள். பெர்மெத் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"அப்பா, நான் கேட்டது இது இல்ல..."

கும்பெக்குக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. லாரிக்காரனையும் அவன் பரம்பரையையும் சேர்த்து ஏசியிருப்பார். ஆனால் பெர்மெத் முகத்தைப் பார்த்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு கடுஞ்சொல் காதில் விழுந்தால் இவள் இன்றைக்கே மூட்டை கட்டிவிடுவாளோ? ஊரையே அதட்டிப் பழகிய மனுஷன் அன்று பூனையாகிவிட்டார்.

"பரவாயில்ல, பிள்ளே. இதுவும் மெத்துனுதான் இருக்கு. கோழிக்குத் தெரியவா போகுது?"

தானே அள்ளித் தானே பரப்பினார். கோழிகளும் வந்தன. செம்பழுப்பு நிறம், துறுதுறுவென்று எல்லாம் இளம் பெட்டைகள். பெர்மெத் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தாள். கழுத்தில் வெள்ளை விழுந்த ஒன்று அவள் காலடியை விட்டு நகராது. அவள் அதைத் திட்டிக்கொண்டே தூக்கி வைத்துக்கொள்வாள். ஒரு காலை அடைப்பிலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஜூராகான் மாவு பிசைந்த கையோடு ஓடி வந்து, "கேட்டீரா?" என்றாள். "கேட்டுச்சு, சத்தம் போடாத," என்றார் கும்பெக். இரண்டு பேரும் ஜன்னலில் திருடர்கள் போல ஒளிந்து நின்று பார்த்தார்கள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விட்ட பாடில்லை. கூரை எட்டாத பாதியில் மரத்தூள் ஊறியது. அடியில் களிமண், தண்ணீர் எங்கே போகும்? மேலே பார்க்க மெத்தை மாதிரிதான் இருந்தது. காலால் கிளறினால் சாம்பல் பூத்த பூஞ்சையும் குப்பென்று ஒரு நாற்றமும் வந்தன. கோழிகளோ கிளறாமல் இருக்குமா? அதுதானே அதுகளுக்குத் தொழில்!

முதலில் ஒன்று அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. மறுநாள் இன்னும் சில. இசாக் வந்து பார்த்து, இந்த முறை வேடிக்கை பேசவில்லை. "பூஞ்சை மூச்சுக்குள்ள போயிடுச்சு. இதுக்கு மருந்து கிடையாது, கும்பெக். மிச்சம் இருக்கறதையாவது வெளிய எடு."

வெள்ளைக் கழுத்துக் கோழி பெர்மெத் மடியில் செத்தது.

கும்பெக் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஈரத்தூளை வாரி வெளியே எறிந்தார். யார்மேல் கோபம் என்று தெரியாத கோபம். பெர்மெத் கோழியை மடியிலிருந்து இறக்காமல் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். குபாத்தின் பெட்டி வந்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை.

"என் வாய்தான் இதுகளக் கொன்னுச்சு, அப்பா."

"உளறாத."

"அந்தப் பையன் போன்ல என்ன வேணும்னு கேட்டான். உதிரின்னு சொன்னேன். அப்படின்னா என்னன்னான். மெத்துனு இருக்கும், வாரினா கையில நிக்காது, கோழிக்குக் கீழ போடறதுன்னு சொன்னேன். மரத்தூளான்னான். இல்லன்னேன். பின்ன என்னதான் வேணும், பேரச் சொல்லுன்னான். அம்மா எதிர்ல இருந்தாங்க. சொந்தக்காரங்க எல்லாம் இருந்தாங்க. நான் எப்படிச் சொல்வேன்? போனை வச்சிட்டேன். அவனா மரத்தூள்னு முடிவு பண்ணிட்டான்."

கும்பெக்கின் மண்வெட்டி நின்றது. அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போனவருக்கு அழுகை வந்தது. அவ்வளவு பெரிய பேரா இது? ஆற்றங்கரையில் யாரோ அவசரத்துக்கு வைத்த பேர். அது ஒரு பெண்ணின் வாயைக் கட்டி, கோழிகளைக் கொன்றிருக்கிறது. பேர் மட்டுமா கட்டியது? தானும்தான் கட்டினார். வலையைப் புதைத்தது நரிக்காகவா, இவளுக்காகவா? அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"பிள்ளே, எழுந்திரு. இந்த அடைப்புல என்ன போடணும்? உன் வாயால சொல்லு."

"உதிரி, அப்பா."

"அது இல்ல. அதோட பேரச் சொல்லு."

கொட்டகை வாசலில் நின்ற ஜூராகான் தலையில் அடித்துக்கொண்டாள். "கிழவா, புத்தி பேதலிச்சுப் போச்சா? மாமனார் பேரை மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா அவ அப்புறம் இந்த வீட்டு மருமகளா? பொறந்த வீட்டுக்குப் போறவதான் அப்படிச் சொல்லுவா!"

"தெரிஞ்சுதான் கேக்கறேன், நீ சும்மா இரு."

பெர்மெத் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மருமகளாக வந்ததிலிருந்து அவள் அவர் கண்ணை நேராகப் பார்த்ததில்லை.

"கும்," என்றாள். காதில் விழுந்தும் விழாமலும்.

"இன்னொரு தரம்."

"கும்."

"நல்லாருக்கு," என்றார் கும்பெக். "என் பேரு இவ்வளவு நல்லாருக்கும்னு எனக்கே தெரியாது. இனிமே உனக்குக் கட்டு எதுவும் இல்ல. வருஷ விருந்து முடிஞ்சதும் அண்ணன் வருவான். போயிட்டு வா. நாங்க ரெண்டு பேரும் உன்னைப் புடிச்சு வச்சிருந்தா எங்க புள்ளையே எங்களை மன்னிக்க மாட்டான்."

அவள் இருக்கிறேன் என்று சொல்வாள் என ஒரு கணம் எதிர்பார்த்தார். சொல்லக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டார். அவளோ செத்த கோழியை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி வார ஆரம்பித்தாள்.

லாரிக்காரனுக்கு இந்த முறை கும்பெக்கே போன் செய்தார். ஆற்று மணல் வந்தது. வலைக்குள் கணுக்கால் புதையப் பரப்பினார்கள். தப்பிப் பிழைத்த சில கோழிகள் குழி பறித்துப் படுத்து, சிறகை உதறி உதறிப் புரண்டன. எவ்வளவு மழை பெய்தும் நீர் நிற்கவில்லை.

இலையுதிர் காலத்தில் குதிரை அறுத்து விருந்து வைத்தார்கள். ஊர் சாப்பிட்டுப் போயிற்று. எர்மெக் வந்தான், பெர்மெத் போனாள். வாசலில் அவள் ஜூராகானைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. ஜூராகான் கல்லாக நின்றாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அன்றிலிருந்து குளிர்காலம் முழுக்கப் புருஷனோடு முகம் கொடுத்துப் பேசவுமில்லை. "நீர்தான் அவளை அனுப்பினீர். அவ நம்மளை மறந்துட்டா," என்று சுவரிடம் சொல்வாள்.

அடுத்த வசந்தத்தில் பெர்மெத்துக்கு ஏரிக்கரையிலேயே கல்யாணம் ஆயிற்று என்று செய்தி வந்தது. கும்பெக் ஆசீர்வாதம் சொல்லி அனுப்பினார். சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் போன் அடித்தது.

"அப்பா, நான்தான்."

"சொல்லு, பிள்ளே."

"நல்லாருக்கேன். அம்மா இருமல் எப்படி இருக்கு? கோழிங்க முட்டை போடுதா?"

"போடுது, போடுது. திங்கத்தான் ஆளில்ல."

"அங்க மழையாமே. உதிரி ஈரமில்லாம இருக்கா, அப்பா?"

கும்பெக் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் வேறொரு பெண்குரல், அவளுடைய புது மாமியாராக இருக்கும், "உதிரியா? எதைச் சொல்ற நீ?" என்று கேட்டது. பெர்மெத் அதற்குப் பதில் சொல்லவில்லை.

"ஈரமில்ல, பிள்ளே," என்றார். "காஞ்சுதான் இருக்கு."

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றார். ஜூராகான் அடுப்பைப் பார்த்தபடி, திரும்பாமல், "என்னவாம்?" என்றாள்.

"உதிரி ஈரமில்லாம இருக்கான்னு கேட்டா."

ஜூராகானின் கை நின்றது. "உதிரின்னா சொன்னா? அந்த வீட்ல நின்னுக்கிட்டா?"

"உதிரின்னுதான் சொன்னா."

கிழவி கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தைய இலையுதிர் காலத்தில் வாசலில் அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.