உப்பளத் தெருவில் சாவு இல்லை

உப்பளத் தெருக்காரர்கள் யாரும் பெரிய மருத்துவமனையில் செத்ததாகக் கணக்கே இல்லை. மூச்சு நின்ற பிறகும் அவர்கள் விரலில் மாட்டிய கருவி தொண்ணூற்றெட்டு என்றுதான் காட்டும். தொண்ணூற்றெட்டு என்றால் ரத்தத்தில் காற்று போதுமான அளவு இருக்கிறது, ஆள் திடகாத்திரம், கட்டிலைக் காலி செய்யலாம் என்று அர்த்தம். ஆகவே செத்தவர்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். அந்தத் தெரு முழுக்க, உப்பு அள்ளுவதற்கென்று எங்கிருந்தோ கொண்டுவரப்பட்ட கறுப்புத் தோல்காரர்களின் வம்சம். கருவியைச் செய்த மகராசர்கள் வெளுத்த விரல்களில் மட்டும் மாட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று கடையைக் கட்டியிருந்தார்கள்.

இஸ்திரிக்காரியின் புருஷனும் அப்படித்தான் திரும்பி வந்தான். மறுநாளே வேலைக்குப் போனான். சோறுதான் இறங்கவில்லை. பக்கத்தில் படுத்தால் ஈரத்தரை மாதிரி சில்லிட்டது. எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவனுக்காக எப்படி அழுவது என்று தெரியாமல், அவள் அழாமலே இருந்துவிட்டாள்.

தெருக்காரர்கள் மனு மேல் மனு போட்டதில், வைத்தியத்தில் உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைக்க ஒரு குழு வந்தது. எல்லாரும் நல்லவர்கள், சிரித்த முகம். ஊரிலேயே சாவு இல்லாத தெரு இதுதான் என்று கண்டுபிடித்துக் கைதட்டினார்கள். ஒரு கேடயத்தைக் கொடுத்துவிட்டு, இனிமேல் எதற்கு என்று தெருமுனைக் கிளினிக்கை இழுத்து மூடினார்கள். தெரு சார்பில் கேடயத்தை வாங்கியவர் செத்து மூன்று வருடமாகியிருந்தது. நன்றாகப் பேசினார் என்று பேப்பரில் போட்டிருந்தது.

அந்த மழைக்காலத்தில் இஸ்திரிக்காரியின் ஒரே மகளுக்கு இழுப்பு வந்தது. உதடு சாம்பல் பூத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு ஓடினாள். டாக்டர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டு அவள் கையால் தேய்த்தது. அதையே பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"ஐயா, அந்த மெஷின் எங்க விரலுக்குப் பொய் சொல்லும். புள்ளையோட முகத்தைப் பாருங்க."

"தொண்ணூத்தெட்டும்மா. என்னைவிட நல்லா இருக்கா. பயப்படாம கூட்டிட்டுப் போங்க."

அவர் கெட்டவர் இல்லை. கருவியைப் பார்க்கத்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் நகரவில்லை. வார்டு வாசலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டாள். ஒவ்வொருவரும் நின்று, விரலில் மாட்டிப் பார்த்து, தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் இழுப்பு நின்றது.

"அம்மா, இப்ப ஒண்ணும் பண்ணல. வீட்டுக்குப் போலாமா?" என்றாள் பிள்ளை.

இஸ்திரிக்காரி பிள்ளையை மடியிலிருந்து இறக்கினாள். அந்தச் சில்லிட்ட கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுத்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. கூடப் படித்தவர்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்துவிட்டன. அவள் இன்னும் அதே வகுப்புக்குத்தான் போகிறாள், ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. இந்த வருடம் சீருடைத் துணியோடு அவளைத் தையல் கடைக்குக் கூட்டிப்போனபோது, அங்கே புதிதாக வந்திருந்த தையல்காரர், "வளர்ற புள்ளதானே, கொஞ்சம் பெருசாவே தைச்சிடட்டுமாக்கா?" என்று கேட்டார்.

"வேணாம்ப்பா," என்றாள் இஸ்திரிக்காரி. "போன வருஷத்து அளவே போதும்."

அவரும் சரியென்று டேப்பைச் சுருட்டி வைத்தார்.