மாப்பிள்ளை மாட்டிய தட்டுகள்

மாமியார் வீட்டுச் சமையலறையை ஒட்டிய சாமான் அறையில் மாப்பிள்ளை கம்பித் தட்டுகள் மாட்டினார். சுவரில் இரண்டு இரும்புப் பட்டைகளைத் திருகி, அவற்றின் துளைகளில் தாங்கிகளைச் செருகி, நான்கு தட்டுகளை வைத்தார். ஆள் ஆறடிக்கு மேல். எல்லாம் அவர் கைக்கு வாகான உயரத்திலேயே அமைந்தன.

"எப்படி இருக்கு அத்தை?"

"ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை."

கல்யாணமான நாளிலிருந்து அத்தை அவரிடம் ஒரு குறை சொன்னதில்லை. அவர் போட்ட தண்ணிக் காபியைக்கூடப் புகழ்ந்தே குடித்தவர்.

கை கழுவிவிட்டு வந்த மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தை ஆடுகிற முக்காலியில் ஏறி, எம்பி, சர்க்கரை டப்பாவை மேல்தட்டில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல இறங்குங்க அத்தை! எட்டலைன்னு சொல்லக் கூடாதா?"

"நீங்க மெனக்கெட்டு மாட்டினது. எப்படிச் சொல்றது?"

"இது கழட்டி மாட்டுறதுக்குன்னே வந்த தட்டு. நேரா நின்னு கையைத் தூக்குங்க."

அத்தை கூச்சத்தோடு கையைத் தூக்கினார். விரல் தொட்ட இடத்துக்கு மாப்பிள்ளை மேல்தட்டை இறக்கினார். மற்றவற்றையும் அதற்கேற்ப இறக்கினார். அத்தை தள்ளி நின்று பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டாவது தட்டு கோணலா இருக்கு."

கோணல்தான். ஒரு பக்கத் தாங்கி ஒரு துளை கீழே செருகியிருந்தது. மாப்பிள்ளை சந்தோஷமாக அதைச் சரிசெய்துவிட்டு, "வேற?" என்று கேட்டார்.

அத்தை இப்போது தயங்கவில்லை.

"அடித்தட்டே வேணாம் மாப்பிள்ளை. அது இருந்தா அரிசி டின்னை எங்க நிக்க வைக்கிறது?"