வேகத்தடைக்கு நான்கு சங்கங்கள்

1
இந்தக் கதை ஒரு கல்லூரிக் கட்டுரையாகப் பிறந்தது. தலைப்பு: ‘மக்களாட்சியில் சங்கங்கள் ஏன் பெருகுகின்றன?’ முதல் வரியும் எழுதிவிட்டேன். ‘மனிதன் கூடி வாழும் ஒரு…’ அதற்குள் அக்கா வந்து நின்றாள்.

“டேய், நாலு பேர் வேணும். சங்கம் ஆரம்பிக்கிறேன்.”

கட்டுரை அங்கேயே செத்தது. (நல்ல சாவு.)

2
அக்காவின் தையல் கடைக்கு எதிரே பள்ளிக்கூடம். அவள் மகள் தினமும் சாலையைக் கடந்துதான் கடைக்கு வருகிறாள். வண்டிகள் பறக்கின்றன. வேகத்தடை கேட்டு அக்கா தனியாக நகரசபைக்குப் போனாள். உறுப்பினர் சிரித்தார். “தனியா வந்தா அது உங்க கவலைம்மா. சங்கமா வந்தாத்தான் கோரிக்கை.”

ராஜா ஆண்டால் ஒரு காதைப் பிடித்தால் போதும். மக்கள் ஆண்டால் காதுகள் ஏராளம். ஒற்றை வாய் எடுபடாது. (பேராசிரியர் இந்த வரிக்காவது மதிப்பெண் போடலாம்.)

3
வேகத்தடை கோருவோர் சங்கம் பிறந்த வாரமே முதுகுவலி ஓட்டுநர் சங்கம் பிறந்தது. தலைவர், டாக்ஸி ஓட்டும் மாமா. அக்காவின் புருஷனேதான். [நம்ப மாட்டீர்கள் என்று அவரை எதிர்வீட்டுக்காரராக மாற்றிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது.]

“ஏங்க, அவ உங்க பொண்ணு இல்லையா?”

“பொண்ணு என் பொண்ணுதான். முதுகு யாரோடது?”

“அப்போ சாப்பாட்டையும் உங்க சங்கத்துலயே கேளுங்க.”

பிறகு, ‘தடை வேண்டும், எங்கள் வாசலில் வேண்டாம்’ என்றொரு சங்கம். தடையில் வண்டி ஏறி இறங்கும் சத்தம் ஆகாது என்று பகலில் தூங்குவோர் சங்கம். (இதில் நான் துணைச் செயலாளர். அக்கா சங்கத்திலும் உறுப்பினன். எழுத்தாளன் நடுநிலை வகிக்க வேண்டும்.) ஒருவர் கேட்பது இன்னொருவருக்கு இடிக்கிறது, இடிபட்டவர் ஆள் சேர்க்கிறார். பெருக்கத்துக்கு வேறு காரணம் தேடி நூலகம் போகத் தேவையில்லை.

4
முடிவு, முதல் வரைவு: ‘அன்று மாலை ஒரு லாரி வேகமாக…’

நிறுத்திவிட்டேன். ஒரு விபத்தை எழுதினால் நான்கு சங்கமும் ஒரே நாளில் ஒன்றாகிவிடும். ஆனால் அக்கா படித்துவிட்டாள்.

“என் பொண்ணை வச்சு கதைய முடிச்சே, விரலை ஒடிச்சிடுவேன்.”

நியாயம்.

5
நகரசபைக் கூட்டம். சங்கத்துக்கு ஒரு ஓட்டு, தலைவர் மட்டும் கை தூக்க வேண்டும். அக்காவும் வாசல்காரரும் வேண்டும் என்றார்கள். தூக்கக்காரர் வேண்டாம் என்றார். சமமானால் தடை கிடையாது.

“வேண்டாம்ங்கிறவங்க வேற யாராவது?” உறுப்பினர் கேட்டார்.

மாமாவின் கை தோள் வரை வந்துவிட்டது. அக்கா மடியில் இருந்த மகள், அப்பா தனக்குத்தான் கை காட்டுகிறார் என்று நினைத்து, பதிலுக்குக் கையை ஆட்டுகிறாள்.

அவரும் ஆட்டினால் அது ஓட்டாகாது. நேரே தூக்கினால் ஆகும். அந்தக் கையை நான் இனித் தொடப்போவதில்லை. நீங்கள் தூக்குங்கள், அல்லது ஆட்டுங்கள்.